பணத்தைக் கட்டுமுன் கப்பலின் எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: எனது மகனுக்கு 22 வயது. மாலுமிகளுக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கிறான். எண்ணெய்க் கப்பலில் இடம் இருக்கிறது, மற்றக் கப்பல்களைவிடச் சம்பளம் அதிகம், ஆறு இலட்சம் ரூபாய் கட்டினால் இந்த மாதமே அனுப்பிவிடலாம் என்று முகவர் ஒருவர் சொல்கிறார். கப்பலின் பெயரைக் கேட்டால், பணம் கட்டிய பிறகு தெரியவரும் என்கிறார். 2020இல் எங்கள் கடலில் எரிந்த கப்பலைப் பற்றி, பலநாள் படகில் போய்வந்த என் அண்ணன் சொன்னவை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவர் வேண்டாம் என்கிறார். மகனோ, சர்வதேசச் சட்டங்கள் எல்லாம் இருக்கின்றன, பயப்படாதீர்கள் என்கிறான். யார் சொல்வது சரி? அப்படியொரு கப்பலின் எண்ணெய் எங்கள் கரைக்கு வந்தால் அண்ணனைப் போன்றவர்களின் பிழைப்புக்கு யார் பொறுப்பு?
— ஒரு தாய், திருக்கோவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு இலட்சத்தைக் கட்டாதீர்கள். வேலையில் சேர்த்துவிடுவதற்காக மாலுமியிடமே கட்டணம் அறவிடுவதை 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் தடைசெய்கிறது. இலங்கையும் அதனை ஏற்றுக்கொண்ட நாடு. மருத்துவச் சான்றிதழ், கடவுச்சீட்டு, சிடிசி எனப்படும் மாலுமிப் பதிவுப் புத்தகம் ஆகியவற்றுக்கான செலவை மட்டுமே உங்கள் மகன் ஏற்க வேண்டியிருக்கும். விசாச் செலவைக்கூடக் கப்பல் உரிமையாளரே ஏற்க வேண்டும் என்று சமவாயம் வெளிப்படையாகச் சொல்கிறது. மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் முகவர்கள் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி பெற்றவர்களாக இருக்க வேண்டும். அந்தச் செயலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, இந்த முகவரின் பெயர் அனுமதிப் பட்டியலில் உள்ளதா என்று கேட்பதற்கு உங்களுக்குப் பணம் எதுவும் செலவாகாது.

இனி, அண்ணன் சொல்வது சரியா, மகன் சொல்வது சரியா என்ற கேள்விக்கு வருகிறேன். எண்ணெய்க் கப்பல்களில் அதிகாரியாகவும் பின்னர் அவற்றைப் பரிசோதிப்பவனாகவும் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்வதானால், இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் எண்ணெய்க் கப்பல், இன்று கடலில் ஓடும் கப்பல்களிலேயே மிகக் கடுமையாகக் கண்காணிக்கப்படும் கப்பல்களில் ஒன்று. அதே சட்டங்களைக் காகிதத்தில் மட்டும் வைத்துக்கொண்டு ஓடும் எண்ணெய்க் கப்பல்களும் இருக்கின்றன. உங்கள் மகன் ஏறப்போவது இந்த இரண்டில் எது என்பதைத்தான் நீங்கள் அறிய வேண்டும். அதை ஏறுவதற்கு முன்பே பெருமளவுக்கு அறிந்துகொள்ள முடியும்.

உங்கள் அண்ணன் சொன்ன அந்தக் கப்பலையே எடுத்துக்கொள்வோம். 'நியூ டயமண்ட்' குவைத்தின் மினா அல் அஹ்மதி துறைமுகத்தில் ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயை ஏற்றிக்கொண்டு இந்தியாவின் பரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே சுமார் 38 கடல் மைல் தூரத்தில், இயந்திர அறையின் கொதிகலனில் வெடிப்பு ஏற்பட்டுத் தீ மூண்டது. கப்பலில் இருந்த 23 பேரில் பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் உயிரிழந்தார். காயமடைந்த மூன்றாம் பொறியியலாளர் கல்முனைக்குக் கொண்டுவரப்பட்டுச் சிகிச்சை பெற்றார். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் சேர்ந்து அணைத்த தீ மீண்டும் மூண்டு, 9ஆம் திகதியளவில்தான் முற்றாக அடங்கியது. கப்பலின் சொந்த எரிபொருளில் ஒரு பகுதி கடலில் கலந்தது. ஆனால் தாங்கிகளில் இருந்த மசகு எண்ணெய் தீப்பற்றவும் இல்லை, கடலில் கொட்டவும் இல்லை. பின்னர் கப்பலின் கப்டன் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடி 20 இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்தினார்.

இந்தச் சம்பவத்தில் மகன் சொல்லும் சட்டங்களும் தெரிகின்றன, அண்ணனின் பயத்துக்கான காரணமும் தெரிகிறது. பின்பக்கம் நாட்கணக்கில் எரிந்துகொண்டிருக்க, முன்னால் இருந்த அவ்வளவு எண்ணெயும் பற்றாமல் இருந்ததற்குத் தீயணைப்பாளர்களின் உழைப்போடு கப்பலின் அமைப்பும் துணைநின்றது. அந்த அமைப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெருவிபத்து இருக்கிறது. 1969 டிசம்பர் மாதம் ஒன்றிலேயே மார்பெசா, மாக்ட்ரா, கொங் ஹாக்கோன் ஏழு என்ற மூன்று பெரிய எண்ணெய்க் கப்பல்கள், வெறுமையான தாங்கிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வெடித்தன. எண்ணெய் நிறைந்த தாங்கியைவிட வெறும் தாங்கியே ஆபத்தானது என்பதைக் கப்பல் உலகம் அன்று கசப்பாகக் கற்றுக்கொண்டது. எண்ணெய் போன பிறகும் ஆவி உள்ளே தங்கியிருக்கும். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் நீரின் நுண்துளிகளில் நிலைமின் ஏறும். ஒரு பொறி போதும். அதற்குப் பிறகே சடத்துவ வாயு முறை பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. கொதிகலனில் எரிந்து வெளியேறும் புகையைக் கழுவிக் குளிரவைத்து, ஒட்சிசன் மிகக் குறைந்த அந்த வாயுவைத் தாங்கிகளுக்குள் நிரப்புவார்கள். தாங்கிக்குள் ஒட்சிசன் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்த அளவில் எண்ணெய் ஆவி இருந்தாலும் பொறி பட்டாலும் தீப்பற்றாது. இன்று புதிதாகக் கட்டப்படும் கப்பல்களில் 8,000 தொன் சுமைத்திறன் கொண்டவற்றுக்கும் அது கட்டாயம்.

இரட்டை உடற்சுவரின், அதாவது வெளிச்சுவர் கிழிந்தாலும் எண்ணெய் வெளியேறாதபடி உள்ளே இன்னொரு சுவர் வைப்பதன், கதையும் இப்படியானதே. 1967இல் டோரி கன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்துக் கரையருகே பாறையில் மோதியதைத் தொடர்ந்து, கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் சமவாயம் 1973இல் உருவானது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸொன் வால்டீஸ் தரைதட்டிய பின்னர், புதிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டும் என்று 1992இல் விதி வந்தது. 1999இல் எரிக்காவும் 2002இல் பிரெஸ்டீஜும் நடுக்கடலில் முறிந்த பிறகு, பழைய ஒற்றைச் சுவர்க் கப்பல்களை ஒதுக்கும் காலக்கெடு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. 1970களில் 700 தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கசிவுகள் ஆண்டுக்குச் சராசரியாக இருபதுக்கும் அதிகமாக நடந்தன. 2010களில் அது ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவாக இறங்கியது. இந்த மாற்றத்தை நான் சிறிதாக மதிப்பிடமாட்டேன். உங்கள் மகன் சட்டங்களில் வைத்திருக்கும் நம்பிக்கை வெறும் இளமைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆனால், சகோதரி, அந்தச் சுவர்கள் எண்ணெயைக் காக்கின்றன. இயந்திர அறையில் நிற்பவனைக் காப்பது பராமரிப்பும் பயிற்சியும் ஒழுங்கும்தான். பெரிய வெடிப்புகளும் கசிவுகளும் செய்தியாகின்றன; மாலுமிகள் தனித்தனியாக இறக்கும் இடங்கள் செய்தியாவதில்லை. அவற்றில் முதன்மையானது மூடிய இடங்களுக்குள் நுழைவது. மகனிடம் நீங்கள் பேசும்போது இதைத்தான் அதிகமாகப் பேச வேண்டும் என்பேன். ஆகவே நல்ல கப்பலில் அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

சரக்குத் தாங்கி ஒன்றுக்குள் ஆள் இறங்க வேண்டுமானால், முதலில் அதனை நீண்ட நேரம் காற்றோட்டம் செய்வார்கள். பின்னர் வாயுமானியின் குழாயை மேலிருந்து இறக்கி, மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்று தனித்தனியே அளவு பார்ப்பார்கள். சில வாயுக்கள் காற்றைவிடப் பாரமானவை, அடியில் படுத்திருக்கும். ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதம் காட்ட வேண்டும். எரியக்கூடிய ஆவி, தீப்பற்றும் கீழெல்லையின், அதாவது தீப்பற்றத் தேவையான ஆகக்குறைந்த செறிவின், நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஐதரசன் சல்பைட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழுகிய முட்டை மணமுள்ள அந்த வாயு, செறிவு கூடியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். மணம் நின்றுவிட்டதால் வாயு போய்விட்டது என்று நினைப்பவன் அங்கேயே விழுவான். இந்த அளவுகளை எழுதி, நேரம் குறித்து, பொறுப்பதிகாரி கையெழுத்திட்ட அனுமதிப் பத்திரம் இல்லாமல் யாரும் இறங்கக்கூடாது. வாசலில் ஒருவர் வானொலியுடன் நிற்க வேண்டும். சுவாசக் கருவியும் மீட்புக் கயிறும் அருகில் தயாராக இருக்க வேண்டும். 2015 முதல் இதற்கான ஒத்திகையை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்வதும், 2016 யூலை முதல் வாயுமானிகள் கப்பலிலேயே இருப்பதும் கட்டாயம்.

இத்தனைக்கும் பிறகு ஆட்கள் இறக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அவசரத்தால். உள்ளே ஒருவன் விழுந்துகிடப்பதைக் கண்டதும் நண்பன் சுவாசக் கருவி இல்லாமலே குதித்துவிடுகிறான். பிறகு இரண்டு உடல்களை எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகனிடமிருந்து ஒரேயொரு வாக்குறுதியை வாங்குவதானால், விழுந்துகிடப்பவன் உயிர்நண்பனாக இருந்தாலும் முதலில் அபாய அறிவிப்பைக் கொடுத்துவிட்டுக் கருவியோடு வருபவர்களுக்காகக் காத்திருப்பேன் என்ற வாக்குறுதியை வாங்குங்கள். நம் பிள்ளைகள் இரக்கமுள்ளவர்கள். அந்த இரக்கமே அங்கே அவர்களைக் கொன்றுவிடக்கூடும்.

அனுமதிப் பத்திரம் உண்மையாக நிரப்பப்படுகிறதா, அல்லது ஒருவர் தன் அறையிலிருந்தபடியே எண்களை எழுதிக் கையெழுத்திடுகிறாரா என்பது கப்பலை நடத்தும் நிறுவனத்தைப் பொறுத்தது. ஐ.எஸ்.எம். என்று அழைக்கப்படும் பாதுகாப்பு முகாமைத்துவக் கோவை 1998 யூலை முதல் எண்ணெய்க் கப்பல்களுக்குக் கட்டாயமாக உள்ளது. அதன்படி நிறுவனத்தின் மேல்மட்டத்தை நேரடியாக அணுகக்கூடிய ஒருவர் கரையில் நியமிக்கப்பட்டிருப்பார். கப்பலில் பாதுகாப்புக் குறைபாடு இருந்தால் கடைநிலை மாலுமியும் அவருடன் தொடர்புகொள்ளலாம். அவருடைய பெயரும் தொடர்பு விபரமும் கப்பலில் ஒட்டப்பட்டிருக்கும். 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும் வாரத்தில் 77 மணித்தியாலமும் ஓய்வு தரப்பட வேண்டும். துறைமுகத்தில் எண்ணெய் ஏற்றி இறக்கும் நாட்களில் இந்த ஓய்வே முதலில் களவுபோவது. தூக்கமில்லாதவன் வால்வைத் தவறாகத் திருப்புகிறான்.

இப்போது உங்கள் முகவர் கப்பலின் பெயரை மறைப்பதற்கு வருவோம். என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். 2022இற்குப் பிறகு, பொருளாதாரத் தடைகளுக்கு உட்பட்ட எண்ணெயை ஏற்றிச் செல்வதற்காக 'நிழற்படை' என்று சொல்லப்படும் பழைய கப்பல்களின் கூட்டம் பெருகிவிட்டது. அவற்றில் பல இருபது ஆண்டுகளைக் கடந்தவை. பெயரையும், பதிவுசெய்த நாட்டைக் காட்டும் கொடியையும் அடிக்கடி மாற்றுபவை. இருக்குமிடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவிட்டு நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றுபவை. 2023 மே முதலாம் திகதி மலேசியாவுக்கு அப்பால் வெடித்த 'பப்லோ' 1997இல் கட்டப்பட்டது. கபோன் கொடியுடன், சரக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 28 பேரில் மூவர் காணாமற்போயினர். வெறும் தாங்கியின் ஆபத்தைப் பற்றி மேலே எழுதியதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். இத்தகைய கப்பல்களின் நிலைமையை எச்சரித்து, ஐ.எம்.ஓ. எனப்படும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பேரவை 2023 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே சம்பளம் கூடுதலாகச் சொல்லப்படுவதும் உண்டு. அது ஏன் கூடுதல் என்பதை மகன் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எனவே முகவரிடம் கப்பலின் பெயரோடு ஐ.எம்.ஓ. எண்ணையும் கேளுங்கள். ஏழு இலக்கங்கள் கொண்ட அந்த எண், கப்பல் கட்டப்படும்போது வழங்கப்படுவது. பெயரும் கொடியும் உரிமையாளரும் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. உடற்சுவரில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி ஏமாற்றுவதும் எளிதல்ல. நியூ டயமண்டின் எண் 9191424. முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 134 வரும். அதன் கடைசி இலக்கமான 4 ஏழாவது இலக்கத்தோடு பொருந்துகிறது. முகவர் தரும் எண்ணையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அந்த எண்ணில் கப்பலே இருக்க முடியாது.

எண் சரியென்றால், மகன் ஈக்குவாசிஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகப் பதிவுசெய்து அதனைத் தேடலாம். கப்பல் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, யார் நடத்துகிறார்கள், எந்த வகைப்படுத்தல் சங்கம் அதனைச் சான்றுப்படுத்துகிறது, எந்தத் துறைமுகங்களில் பரிசோதிக்கப்பட்டது, எங்கே தடுத்துவைக்கப்பட்டது என்பனவெல்லாம் அங்கே கிடைக்கும். ஒன்றிரண்டு சிறு குறைபாடுகள் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பரிசோதிக்கப்படுகிறது என்பதற்கே அது சாட்சி. திரும்பத் திரும்பத் தடுத்துவைக்கப்பட்டிருந்தாலோ, ஓரிரு ஆண்டுகளில் பல கொடிகள் மாறியிருந்தாலோ, காப்புறுதி பற்றிய விபரம் வெறுமையாக இருந்தாலோ ஒதுங்கிக்கொள்ளுங்கள். உலகக் கடல்வணிகக் கப்பற்கொள்ளளவில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு, சர்வதேசக் குழுமத்தைச் சேர்ந்த 12 பாதுகாப்பு ஈட்டுறுதிக் கழகங்களே பொறுப்புக் காப்புறுதி வழங்குகின்றன. கப்பலின் காப்புறுதி அவற்றுள் ஒன்றில் இருந்தால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம்.

கொடி வெளிநாட்டுக் கொடி என்பதற்காக மட்டும் மறுக்க வேண்டாம். நியூ டயமண்ட் பனாமாக் கொடியில், லைபீரியாவில் பதிவுசெய்த நிறுவனத்தின் பெயரில், கிரேக்கத்திலிருந்து நடத்தப்பட்டது. நல்ல கப்பல்களும் இதேபோன்ற அடுக்குகளில்தான் இயங்குகின்றன. அந்த அடுக்குகளின் முடிவில், பிரச்சினை வந்தால் பதில் சொல்லும் ஒரு நிறுவனம் இருக்கிறதா என்பதே முக்கியம்.

இன்னொன்று. உங்கள் மகன் முடித்திருப்பது எல்லா மாலுமிகளுக்குமான அடிப்படைப் பயிற்சி. எண்ணெய்க் கப்பலில் சரக்கு சார்ந்த கடமை எதையும் செய்வதற்கு, எண்ணெய் மற்றும் இரசாயனச் சரக்குக் கையாளுதலுக்கான தனிப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் இந்த மாதமே அனுப்புகிறேன் என்பவர் சட்டத்தையும் அறியவில்லை, அல்லது அறிந்தே மீறுகிறார். கப்பலேறுமுன் தொழில் ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதி மகன் கையில் இருக்க வேண்டும். வாசித்து விளங்கிக்கொள்ள நேரம் கேட்பது அவனுடைய உரிமை. 2017 சனவரி முதல், உரிமையாளர் கப்பலையும் மாலுமிகளையும் கைவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரையும் ஊர் திரும்பும் செலவையும் ஈடுசெய்யும் நிதி உத்தரவாதம் கட்டாயம். அதன் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும். ஏறிய முதல் நாளே அதனைப் பார்த்து ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அண்ணனின் பிழைப்பைப் பற்றிய உங்கள் கேள்வியும் நியாயமானது. 2020 செப்டெம்பரில் வீசியது தென்மேற்குப் பருவக்காற்று. அது நம் கிழக்குக் கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் காற்று. இதே விபத்து டிசம்பரிலோ சனவரியிலோ நடந்து எண்ணெய் வெளியேறியிருந்தால், வாடைக்காற்று அதனைப் பொத்துவிலிலிருந்து கல்முனை வரையான கரைகளை நோக்கியே கொண்டுவந்திருக்கும். மாரியில் முகத்துவாரங்கள் திறந்திருக்கும் காலம் அது. எண்ணெய் களப்புக்குள்ளும் கண்டற்காட்டுக்குள்ளும் புகுந்துவிட்டால், கரைவலைக்காரரோடு இறால், நண்டு பிடிப்பவர்களின் வாழ்வும் ஆண்டுக்கணக்கில் கெட்டுவிடும்.

எண்ணெய்க் கப்பலால் வரும் இத்தகைய பாதிப்புக்கு 1992ஆம் ஆண்டின் பொறுப்புச் சமவாயமும் நிதியச் சமவாயமும் பொருந்தும்; இலங்கை இரண்டிலும் உறுப்பு நாடு. கப்பல் உரிமையாளரின் கவனக்குறைவை மீனவர் நிரூபிக்கத் தேவையில்லை. கப்பலின் எண்ணெயால்தான் நட்டம் வந்தது என்பதைக் காட்டினால் போதும். உரிமையாளரின் காப்புறுதி போதாவிட்டால், அல்லது அவரைப் பிடிக்கவே முடியாவிட்டால், சர்வதேச நிதியம் ஈடுசெய்யும். ஒரு சம்பவத்துக்கான மொத்த உச்சவரம்பு 20 கோடி 30 இலட்சம் சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). இது எண்ணெய்க் கப்பல்களுக்கு மட்டுமே உரியது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கொள்கலன் கப்பல் என்பதால் இந்த வழி அதற்குத் திறக்கவில்லை.

ஆனால் நிதியம் ஆதாரம் கேட்கும். வழக்கமாக எவ்வளவு பிடிபட்டது, எவ்வளவுக்கு விற்றது என்பதற்கு எழுத்து இல்லாவிட்டால், உண்மையான நட்டமும் காகிதத்தில் நட்டமாகாது. அண்ணனிடம் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். திகதி, மீனின் வகை, நிறை, விலை, வாங்கியவரின் பெயர் ஆகியவற்றை அவர் எழுதிவரட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பற்றுச்சீட்டுகளையும் படகின் பதிவுப் பத்திரத்தையும் அதனோடு வைத்திருக்கட்டும். எண்ணெய் வந்தால், வலையைக் கழுவுமுன் திகதி தெரியும்படி படம் எடுக்க வேண்டும். நட்டம் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் சட்டப்படி நடவடிக்கை எடுக்காவிட்டால் உரிமை அற்றுப்போகும்.

மகன் கடலுக்குப் போவதை நான் தடுக்கமாட்டேன். நல்ல எண்ணெய்க் கப்பலில் ஓர் ஒப்பந்தக் காலத்தில் ஓர் இளைஞன் கற்கும் ஒழுங்கு வாழ்நாளுக்கும் உதவும். முதலில் எண்ணெய்க் கப்பலுக்கான பயிற்சியை அவன் முடிக்கட்டும். அதற்கிடையில் முகவரிடம் ஐ.எம்.ஓ. எண்ணையும் ஒப்பந்தத்தின் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள். தந்தால் இரண்டையும் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்து விபரமாக எழுதுகிறேன். தராமல் பணத்தையே கேட்டுக்கொண்டிருந்தால், அவருடைய பெயரையும் கேட்ட தொகையையும் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துக்கு எழுத்துமூலம் அறிவித்துவிட்டு, அனுமதி பெற்ற வேறொரு முகவரைத் தேடுங்கள்.